மைக்க மூடிட்டு பேசுன கொரல்

எல்கடுவ பக்கம் எங்கப்பாவோட மூஞ்சி தெரியாத ஆளு இருக்கலாம். கொரல் தெரியாத ஆளு கெடையாது. அவரு மைக் செட்டு வச்சிருக்காரு. ஓட்டோ கூரையில ரெண்டு கொழாய் ஸ்பீக்கரக் கட்டிக்கிட்டு, பின் சீட்டுல ஆம்ப்ப வச்சுக்கிட்டு, தேயிலத் தோட்டத்துல டிவிசன் டிவிசனா போய் அறிவிப்பாரு. கோயில் திருவிழா, கல்யாணம், சாவு, கண் கிளினிக், காணாமப் போன மாடு, எல்லாம். வெசாக் பண்டிகைக்கு சிங்களத்துலயும் அறிவிப்பாரு, அதுக்குன்னு தனியா ஒரு இனிப்பு கொரல் வச்சிருக்காரு. நான் கேம்பஸ் போய் கம்பியூட்டர் படிச்சு, இப்ப வீட்டுல இருந்தே ஒரு கம்பனிக்கு வெப்சைட் கட்டிக் குடுக்குறேன். கெத்தா தான் இருக்கு. ஆனா டவுனுக்கு எறங்குனா நான் இன்னமும் மைக் செட்டுக்காரர் மகன் தான். சரி, பழகிருச்சு.

போன வருசம் அவருக்கு தொண்ட கட்டுனிச்சு. கட்டுனது தெறக்கவே இல்ல. கொத்தமல்லி, இஞ்சி, உப்புத் தண்ணி, அம்மா ஒண்ணையும் விடல. கடைசியா கண்டிக்கு கூட்டிக்கிட்டு போனோம். கமெரா விட்டுப் பாத்தாங்க, சதைய எடுத்து டெஸ்டுக்கு அனுப்புனாங்க, அப்பறம் டொக்டர் எங்கள ஒக்கார வச்சு சிங்களத்துல பொறுமையா சொன்னாரு. கட்டி கொரல் பெட்டியில இருக்கு. பெட்டிய முழுசா எடுக்கணும். எடுத்துட்டா ஆளு பொழச்சுக்குவாரு. கழுத்துல ஒரு ஓட்ட இருக்கும், அது வழியா மூச்சு விடுவாரு. பேசுறதுக்கு கழுத்துல வச்சு அழுத்துற மெசின் ஒண்ணு இருக்கு, பழகுனா பேசலாம். ஆனா இந்தக் கொரல் திரும்பி வராது.

அப்பா ஒரே ஒரு கேள்வி தான் கேட்டாரு.

"சேர், ஒப்பரேசன் திருவிழாவுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

டொக்டருக்கு எந்தத் திருவிழான்னு தெரியாது. ஆனா நிப்பாட்டி தேதி பாத்து சொன்னாரு. முன்னாடி.

"ஹரி சேர்"னு சிங்களத்துல சரி சொன்னாரு அப்பா. பஸ்ஸுல ஜன்னலோரம் ஒக்காந்து மாத்தள வரைக்கும் தூங்கிட்டு வந்தாரு. அம்மா தூங்கல.

அன்னைக்கே தங்கச்சி எல்லார் போனையும் நோண்ட ஆரம்பிச்சா. அவ ஏ எல் பரீட்சைக்கு படிக்கிறா, படிக்கிறத தவிர எல்லாம் செய்வா. அப்பா கொரல் இருக்கிற வீடியோ எல்லாத்தையும் தேடி எடுத்தா. நெறைய இருந்திச்சு. தேர் வீடியோ, கல்யாண வீடியோ, ஒரு சாவு வீடியோ கூட. எல்லாத்துலயும் ஒரே கொரல் தான்: "டிவிசன் வாழ் பெருமக்களுக்கு ஓர் அன்பான அறிவித்தல்." வீட்டுல பேசுறாரே, அந்தக் கொரல் ஒரு எடத்துலயும் இல்ல. வொய்ஸ் மெசேஜாவது இருக்குமான்னு பாத்தோம். எங்கப்பா வொய்ஸ் அனுப்பவே மாட்டாரு. கட்டவெரல் தூக்குற தும்ஸப் மட்டும் தான். நாள் பூரா கத்துற மனுசன், போன்ல தும்ஸப்பு.

"அண்ணே, நம்மகிட்ட இருக்கிறது ஊருக்கு பேசுற அப்பா மட்டும் தான்"னா.

அம்மா அடுப்பப் பாத்துக்கிட்டே, "என்கிட்ட பேசுற மாதிரி கொஞ்சம் புடிச்சு வைங்கடா"ன்னாங்க. அவ்ளோ தான் கேட்டாங்க. எனக்கு அந்த எடத்துலேயே வேல வந்திருச்சு.

என் பிளான் இது. ஒரு வெப் பேஜ். அதுல நெறைய பட்டன். ஒவ்வொரு பட்டனுக்கும் அப்பா கொரல்ல ஒரு வசனம். ஒப்பரேசனுக்கு அப்பறம் அவரு போன்ல பட்டன அமுக்குனா அவரே பேசுன மாதிரி கேக்கும். அதே பேஜ்லயே ரெக்கோட் பண்ணிக்கலாம், ஜாவாஸ்கிரிப்டுல மைக்கத் தெறக்குறது, ரெக்கோடரப் போடுறது, எல்லாம் ஒரு பக்கக் கோட் தான். ஏன் ஆப் செய்யலன்னு கேப்பீங்க. எனக்கு தெரிஞ்சது பிரவுசர் பாஸ். மேசன்கிட்ட போய் ஏன் சட்ட தைக்கலன்னு கேக்கக் கூடாது.

இன்னொண்ணும் கேப்பீங்க, ஏஐ இருக்கே, கொரல க்ளோன் பண்ணலாமேன்னு. பண்ணிப் பாத்தேன். தேர் வீடியோவ குடுத்து, "சாப்பிட வா"ன்னு சொல்ல வச்சேன். சென்னையில நியூஸ் வாசிக்கிற ஆளு ஜலதோசத்தோட வந்த மாதிரி இருந்திச்சு. அம்மா கேட்டுட்டு, "யாரு இது, மாப்பிள்ள வீட்டு ஆளா?"ன்னாங்க. அந்தக் கதை அதோட முடிஞ்சிருச்சு.

முதல் வெர்சன் என் லெப்டொப்புல எலகிரியா, சூப்பரா ஓடிச்சு. அப்பா போன்ல தெறந்தா மைக்கே இல்லன்னுது. மைக்கத் தரவான்னு கேக்கக் கூட மாட்டேங்குது. கொஞ்ச நேரம் தலைய சொறிஞ்சிட்டு தான் ஞாபகம் வந்திச்சு. பூட்டுப் போட்ட அட்ரஸுக்கு, அதான் https-க்கு மட்டும் தான் பிரவுசர் மைக்கக் குடுக்கும். எவனோ ஒருத்தன் ரோட்டுல போற பேஜ் எல்லாம் ஒங்க வீட்டுப் பேச்சக் கேக்கக் கூடாதுன்னு. நியாயம் தான். பேஜ ஒழுங்கா ஒரு செர்வர்ல ஏத்தி, பூட்டும் போட்டேன்.

இப்ப பிரவுசர் கேட்டுது, மைக்க பாவிக்க விடவான்னு. அப்பா பிளொக்க அமுக்கிட்டாரு.

"ஏன்பா?"

"போன்ல எது வந்து கேட்டாலும் வேணாம்னு தானே அமுக்கச் சொன்ன? லோன் தாறோம்னு வந்திச்சே, அப்ப."

"அது லோனு. இது நான்."

"ஒன் பேரு அதுல இல்லியே."

பாயிண்டு தான். ஒரு தடவ வேணாம்னுட்டா அது ரோசக்காரனாட்டம் மறுபடி கேக்காது. செட்டிங்ஸ் உள்ள போய், தேடி, அந்தத் தடைய நீக்கி, மறுபடி கேக்க வச்சு, இந்தத் தடவ அவரு வெரலப் புடிச்சு சரியான எடத்துல வச்சேன்.

"என் வாய்க்கு நான் பெர்மிசன் குடுக்கணுமா? நல்ல கூத்துடா"ன்னாரு.

ரெக்கோடிங் ஆரம்பிச்சிச்சு. இங்க தான் உண்மையான தலைவலி.

எங்கப்பாவுக்கு மைக்குன்னு ஒண்ணு முன்னாடி இருந்தா சில வேல தானா நடக்கும். மொதல்ல வெரலால ரெண்டு தட்டு. அப்பறம் "பூ, பூ"ன்னு ஒரு ஊது. அப்பறம் "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்". தட்டுனது என் போன் ஸ்கிரீன்ல, அதுல ரெக்கோடிங் நின்னு போச்சு. சரி பரவால்லன்னு மறுபடி போட்டேன். "குடிக்க தண்ணி வேணும்" னு சொல்லச் சொன்னேன்.

அவரு நெஞ்ச நிமித்துனாரு. கட்டுன தொண்டைய தூக்கி நிறுத்துனாரு.

"எனக்கு..."

நிப்பாட்டிட்டாரு. நான் என்னமோ ஏதோன்னு பாத்தேன்.

"...குடிக்க..."

மறுபடி கேப்.

"...தண்ணீர்... வேண்டும்."

இது ஏன்னு எங்களுக்குத் தெரியும், ஒங்களுக்குத் தெரியாது. எங்க பக்கம் ஸ்பீக்கர்ல பேசுனா எதிர் மலையில பட்டு சத்தம் திரும்பி வரும். அது வந்து முடியிறதுக்குள்ள அடுத்த வார்த்தைய விட்டா வார்த்த மேல வார்த்த விழுந்து ஒருத்தனுக்கும் ஒண்ணும் வெளங்காது. அதனால அவரு ஒரு வார்த்தைய விட்டுட்டு, மலை திருப்பித் தாற வரைக்கும் காத்திருப்பாரு. தொழில் பழக்கம். லயத்து வீட்டுக் காம்பராவுக்குள்ள மலை எங்க இருக்கு? இருந்தாலும் காத்திருந்தாரு.

தங்கச்சி வாயப் பொத்திக்கிட்டு, "அப்பா, நீங்க தண்ணி கேக்குறீங்களா, தண்ணி வெட்டு அறிவிக்கிறீங்களா?"

"நீ எந்திரிச்சு படிக்கப் போ."

இது வீட்டுக் கொரல். பர்ஸ்ட் கிளாஸ். ஆனா அப்ப ரெக்கோட் ஓடல. எங்க நேரம் அப்பிடி.

அன்னைக்கு எடுத்தத ராவோட ராவா கேக்காம, அடுத்த நாள் காலையில கேட்டா இன்னொரு பிரச்சின. வார்த்தைங்களோட வால் எல்லாம் காணோம். "வேண்டும்"ல "வேண்" வரைக்கும் தான் இருக்கு. என் கோட்ட தலைகீழா நிப்பாட்டிப் பாத்தேன், ஒண்ணும் இல்ல. அப்பறம் வெளங்கிச்சு. பிரவுசர்கிட்ட மைக்கக் கேட்டா அது சும்மா குடுக்காது, கழுவிக் குடுக்கும். பேன் சத்தம், எதிரொலி, இரைச்சல் எல்லாத்தையும் தொடச்சிட்டு, மெதுவா பேசுனா தூக்கி, கத்துனா அமுக்கி. ஒன்லைன் மீட்டிங்குக்கு சோக்கு. எங்கப்பாவுக்கு கட்டுன தொண்ட. வசனம் முடியும் போது வெறும் காத்தும் கரகரப்பும் தான் வரும். அத பேன் சத்தம்னு நெனச்சு தொடச்சிருச்சு மடச் சாமான்.

அந்த மூணு செட்டிங்கையும் ஓப் பண்ணுனேன். எதிரொலி நீக்காத, இரைச்சல் தொடைக்காத, வொலியூமத் தொடாத. வால் திரும்பி வந்திச்சு. கூடவே தகரத்துல விழுற மழ வந்திச்சு, அடுத்த வீட்டுக் காம்பரா டீவி வந்திச்சு, கோழி வந்திச்சு, பெக்டரி சங்கு வந்திச்சு. எனக்கு கேக்க கேவலமா இருந்திச்சு. அம்மாவுக்குப் போட்டுக் காட்டுனேன்.

"இப்ப தான் நம்ம வீடு மாதிரி இருக்கு. அப்பா தான் யாரோ மாதிரி இருக்காரு."

கரெக்ட். செட்டிங்ஸ நான் ஓப் பண்ணலாம். அறிவிப்பாளர யாரு ஓப் பண்றது?

அந்த வாரக் கடைசியில டவுன்ல இருந்து நானா வந்தாரு, முஸ்லிம் அண்ணன்மார நாங்க அப்பிடித் தான் கூப்புடுவோம். எலக்ட்ரிக் கட வச்சிருக்காரு, அப்பாவோட ஆம்ப்பு, மைக்கு எல்லாம் அவருகிட்ட தான் ரிப்பேருக்குப் போகும். ரெண்டு பேரும் சின்ன வயசுல இருந்தே மச்சான் மச்சான்னு திட்டிக்கிற ஆளுங்க. கையில பாண் ரொட்டி வாங்குன ஒரு பேக்குல அப்பாவோட பழைய மைக்கக் கொண்டு வந்தாரு.

"மச்சான், இது ஏலா. உள்ள ஒண்டுமில்ல. செத்துட்டு. கழுவி தொடச்சு கொண்டாந்தீக்கன், அலமாரியில வை."

"நீ ரிப்பேர் பண்ணாத மைக்கு எல்லாம் நல்லா தான்டா இருக்கு. நீ தொட்டது தான் சாகுது."

"ஒண்ட தொண்டைய நான் தொடல்லயே. அது எப்பிடி போன?"

அம்மா பிளேன்டீய மேசையில வச்சுட்டு அப்பாவப் பாத்தாங்க. அப்பா சிரிச்சாரு. சத்தம் வரல, தோள் மட்டும் குலுங்கிச்சு. நானாவும் சிரிச்சிட்டு, பிளேன்டீய குடிச்சிட்டு, வாசல்ல சப்பாத்து மாட்டும் போது என்கிட்ட மெதுவா கேட்டாரு: "மகன், பயமொண்டும் இல்லதானே?" நான் இல்லன்னேன். தெரிஞ்சா சொன்னேன்? சொன்னேன், அவ்ளோ தான்.

அவரு போன பின்னால அப்பா அந்த செத்த மைக்க கையில எடுத்து வச்சுக்கிட்டாரு.

"டேய், இது கையில இருந்தா எனக்கு பேச வருது. அந்தப் போன அங்கிட்டு வையி."

சரின்னு போன மேசையில வச்சு ரெக்கோட போட்டேன். வயரே இல்லாத மைக்கப் புடிச்சுக்கிட்டு மனுசன் அறிவிக்கிறாரு. "எனக்கு... பசி... இல்லை." நான் நொந்து போய் ஒக்காந்திருந்தேன். குசினியில இருந்து கருகுற மணம் வந்திச்சு. அப்பா என்ன செஞ்சாரு தெரியுமா? மைக்க உள்ளங்கையால பொத்துனாரு. குசினிப் பக்கம் கழுத்தத் திருப்பி அம்மாவக் கூப்புட்டாரு.

"ஏ புள்ள, அடுப்புல என்னா கருகுது? எங்க போயிட்ட நீ?"

கைய எடுத்துட்டு மறுபடி மைக்குல: "...நன்றி."

தங்கச்சி என்னயப் பாத்தா. நான் போனப் பாத்தேன். செவப்புப் புள்ளி ஓடிக்கிட்டு இருந்திச்சு.

போட்டுக் கேட்டோம். அது அவரு தான். கரகரப்பு, அவசரம், லேசான கோவம், எல்லாம். தொழில்ல மைக்க மூடிட்டு பேசுற பழக்கம் அது. வயரப் புடி, தண்ணி கொண்டா, பேர சரியா சொல்லு, இதெல்லாம் ஊருக்கு கேக்கக் கூடாது இல்லியா, அதனால உள்ளங்கையில மூடிட்டு பக்கத்துல நிக்கிறவன்கிட்ட சொல்லுவாரு. மைக் மூடியிருந்தா அவருக்கு அறிவிப்பு இல்ல. அப்ப தான் வீட்டு மனுசன் வெளிய வாராரு.

நான் மடையன், சந்தோசத்துல அவருகிட்ட சொல்லிட்டேன். "அப்பா, மைக்க மூடிட்டு பேசுங்க, அது தான் வேணும்."

"அவ்ளோ தானா? மொதல்லயே சொல்லியிருக்கலாமே"ன்னுட்டு, மைக்க பொத்தி, தொண்டைய செருமி, "ஏ புள்ள... தேத்தண்ணி... கொண்டு வா"ன்னாரு. மலைக்கு காத்திருந்து காத்திருந்து.

அம்மா கேட்டாங்க, "என்னய எப்பங்க இவ்ளோ மரியாதையா கூப்புட்டீங்க?"

தெரியாம செஞ்சப்ப வந்திச்சு, தெரிஞ்சு செஞ்சா வரல. நாள் பூரா முயற்சி பண்ணுனோம். மைக்க மூடுறாரு, அறிவிக்கிறாரு. மூடுறாரு, அறிவிக்கிறாரு. கடைசியில அவருக்கே வெறுத்துப் போச்சு. மைக்க கட்டில்ல போட்டுட்டு, "எனக்கு ஏலாதுடா. ஒங்கம்மாகிட்ட நீயே சொல்லு"ன்னுட்டு வெளிய போயிட்டாரு. ஆஸ்பத்திரியில படுக்கிற நாள் கிட்ட வந்திருச்சு. என்கிட்ட இருந்தது கருகுன கறி மட்டும் தான்.

கோயில் தலைவர் வந்தது அப்ப தான். காப்புக் கட்டுக்கு அறிவிக்கணும், இந்த வருசம் வேற ஆளப் பாக்கவான்னு தயங்கித் தயங்கிக் கேட்டாரு. காப்புக் கட்டிட்டா திருவிழா முடியிற வரைக்கும் டிவிசன விட்டு ஒருத்தரும் வெளிய ராத்தங்கக் கூடாது, அதனால முன்னாடியே எல்லாருக்கும் சொல்லியாகணும். அப்பா அன்னைக்கு கண்டியில படுத்திருப்பாரு. அவரு காப்புக்கு இருக்க ஏலாது. அறிவிப்புக்கு இருக்கலாம்.

"நானே செய்றேன்"னாரு.

அம்மா விடல. "டொக்டர் கத்த வேணாம்னு சொன்னாரு இல்ல?"

"கத்தி என்னா ஆகப் போவுது? எப்பிடியும் எடுக்கத் தானே போறாங்க."

அம்மா எறங்கி வந்தாங்க. "அப்ப ஓட்டோவுல சுத்த வேணாம். கோயில்ல ஒக்காந்து செய்யுங்க"ன்னாங்க. அதுக்கு ஒத்துக்கிட்டாரு.

எனக்கு அப்பவே பல்பு எரிஞ்சிருச்சு. நெச வேல. நெச மைக்கு. அங்க அவரு நெசமா தான் மூடுவாரு.

அவருகிட்ட மறைக்கல. "போன பக்கத்துல வச்சு ரெக்கோட் பண்ணிக்கிறேன்பா"ன்னேன். "பண்ணு, எனக்கு வேல இருக்கு"ன்னாரு. அந்த பதிலே நல்ல சகுனம். ஸ்கிரீன் அணைஞ்சா பிரவுசர் தூங்கிரும், அதனால அணையாம இருக்க ஒரு லைன் சேத்தேன். முழுசா முடிஞ்ச பின்னால தான் சேவ் ஆகும்னு வச்சிருந்தத மாத்தி, செக்கனுக்கு ஒரு துண்டா உடனுக்குடன் போன்லயே சேவ் ஆக வச்சேன். நடுவுல ஏதும் ஆனா, அது வரைக்கும் வந்ததாவது மிஞ்சும்.

காலையில கோயில் முன்னாடி மரத்துல கொழாயக் கட்டுனோம். அப்பா கதிரையில, மடியில பேப்பர், கையில மைக்கு. பக்கத்து கதிரையில என் பேஜ், செவப்புப் புள்ளியோட. அவரு தட்டுனாரு, ஊதுனாரு, ஹலோ சொன்னாரு. மலை திருப்பி ஹலோ சொல்லிச்சு. கட்டுன தொண்டையில இருந்து எப்பிடி அந்தக் கொரல இழுத்தாருன்னு எனக்கு இன்னமும் தெரியல. மலையில கொழுந்தெடுத்துக்கிட்டிருந்தவங்க எல்லாம் நிமுந்து நின்னு பாத்தாங்க. எல்லாருக்கும் விசயம் தெரியும்.

அப்பறம் மூட ஆரம்பிச்சாரு.

என்கிட்ட: "டேய், வயர மிதிக்காத. கேம்பஸ்ல நடக்கக் கூடவா சொல்லித் தரல?"

தலைவர்கிட்ட: "தலைவரே, பேரு லிஸ்ட்ட வாசிச்சுக் காட்டிருங்க. போன வருசம் செத்தவரயே விளக்கேத்தக் கூப்புட வச்சீங்க."

தங்கச்சிகிட்ட: "வெயில்ல நிக்காத, உள்ள வா. கருத்துப் போயிட்டேன்னு அப்பறம் என்கிட்ட தான் அழுவ."

ஒரு நாய் வந்து மைக் வயர மோந்து பாத்திச்சு. "ஒனக்கென்னடா, நீயும் அறிவிக்கணுமா?" ன்னுட்டு சிரிச்சாரு. சிரிப்புல சத்தம் இருந்திச்சு. உள்ளங்கைக்கு வெளியில கொஞ்சம் கசிஞ்சு அது ஸ்பீக்கர்லயும் போயிருச்சு. மலையும் சிரிச்சிச்சு.

அம்மா மேல ரோட்டுல இருந்து பிளாஸ்க்கத் தூக்கிக் காட்டி கத்துனாங்க, வந்து குடிச்சிட்டு பேசுங்கன்னு. அப்பா மூடிட்டு, "இந்தா வாரேன், வாரேன், சும்மா கத்தாத"ன்னாரு. போகல. அறிவிச்சுக்கிட்டே இருந்தாரு.

கடைசிப் பகுதியில என் போனுக்கு ஒரு கோல் வந்திச்சு. யாரோ கல்யாணத்துக்கு மைக் செட்டு கேட்டு. கோல் வந்தா மைக்க போன் புடுங்கிக்கும், பிரவுசர் வெறுங்கையோட நிக்கும். கட் பண்ணிட்டு பாத்தா ரெக்கோடிங் நின்னிருந்திச்சு. மறுபடி போட்டேன், ஆனா அப்பா அதுக்குள்ள நன்றி சொல்லி ஆம்ப்ப ஓப் பண்ணிட்டாரு.

வீட்டுக்கு வந்து தெறந்தேன். துண்டு துண்டா எல்லாம் இருந்திச்சு, கோல் வந்த செக்கன் வரைக்கும். நாய்கிட்ட பேசுனத மட்டும் வெட்டி எடுப்போம்னு அந்தத் துண்டுங்களப் பொறுக்கி ஒட்டுனேன். ஓடல. எத மாத்திப் பாத்தாலும் ஓடல. தங்கச்சி தோளுக்கு மேல நின்னு "போச்சா? போச்சா?"ன்னு என் பிரசர ஏத்துனா. போகல. முதல் துண்டுல தான் மொத்த பைலோட விவரம் இருக்கு. மாத்தள ஸ்டேசன்ல எஞ்சினக் கழட்டிட்டு நடுப்பெட்டிய மட்டும் தள்ளுனா கண்டிக்குப் போகுமா? அந்தக் கதை தான். ஆரம்பத்துல இருந்து எல்லாத்தையும் ஒண்ணா சேத்து, முழுசா ஒரே ஒலியா விரிச்சு, அப்பறம் அதுல நேரம் பாத்து வெட்டுனேன். ஓடிச்சு.

அப்பாவுக்குப் போட்டுக் காட்டுனோம். அவரு அவரோட வீட்டுக் கொரலக் கேட்டதே இல்ல போல. மூஞ்சி சுருங்கிப் போச்சு.

"நான் இவ்ளோ மட்டமாவாடா பேசுறேன்? அந்தக் காப்பு அறிவிப்புல ஒரு துண்டு போடு, எவ்ளோ நல்லா வந்திருக்கு."

"இது தான் வேணும்"னாங்க அம்மா.

"சரி, வெளிய ஒருத்தனுக்கும் அனுப்பிராதீங்க. தொழில் கெட்டுரும்."

தொழிலுன்னு சொல்லிட்டு அவரே நிப்பாட்டிட்டாரு. தங்கச்சி பட்டனுக்கு பேர் அடிச்சுக்கிட்டு இருந்தா. தண்ணி, பசி, வலி, டொய்லட்டுன்னு அவசரத்துக்கு தேவையானது எல்லாம் அறிவிப்புக் கொரல்ல மேல. மூடிட்டு பேசுனது எல்லாம் கீழ.

ஒப்பரேசன் நல்லபடியா முடிஞ்சிச்சு. அத நான் நீட்டி எழுதப் போறதில்ல. கழுத்துல கட்டோட அவரு கண்ணத் தெறந்து, வாயத் தெறந்து, ஒண்ணும் வராம, மறுபடி வாய மூடுனாரு. அம்மா அவரு கையப் புடிச்சுக்கிட்டாங்க. திருவிழா அன்னைக்கு வேற ஆளு வேற செட்டுல அறிவிச்சான். "சுமாரு தான்"னு தங்கச்சி போன்ல ரிப்போட் குடுத்தா. அப்பா தும்ஸப் அனுப்புனாரு.

இப்ப வீட்டுல இருக்காரு. கழுத்துல வைக்கிற மெசினுக்கு கிளினிக்குல சொல்லிக் குடுக்குறாங்க, இன்னும் சரியா வரல. அது வரைக்கும் என் பேஜ். நான் என்ன நெனச்சேன், மேல இருக்கிற பட்டனத் தான் அமுக்குவாருன்னு. தண்ணி, பசி, அதெல்லாம். தொடவே இல்ல. தண்ணி வேணும்னா டம்ளரக் காட்டுறாரு. வலின்னா கண்ணு சொல்லிரும். வயர மிதிக்காதங்கிறது மட்டும் எனக்கு அடிக்கடி கெடைக்குது, காம்பராவுல வயரே இல்லாட்டியும்.

நேத்து பகல் அம்மா குசினியில இருந்து கூப்புட்டாங்க. "கஞ்சி ஆறுது, வாங்க."

உள்ளுக்க இருந்து பதில் வந்திச்சு. கரகரன்னு, கொஞ்சம் எரிச்சலா, பின்னாடி நாய் கொரைக்கிற சத்தத்தோட. "இந்தா வாரேன், வாரேன், சும்மா கத்தாத."

"வாங்க சீக்கிரம்"னுட்டு அம்மா கரண்டியக் கழுவுனாங்க. கொஞ்ச நேரம் போச்சு. ஆள் வரல.

"என்னாங்க, வாரீங்களா இல்லியா?"

"இந்தா வாரேன், வாரேன், சும்மா கத்தாத."

நான் எட்டிப் பாத்தேன். கட்டில்ல சாஞ்சுக்கிட்டு கிரிக்கெட் பாக்குறாரு. ஒரு கையில ரிமோட், இன்னொரு கை வெரலு பட்டன் மேல ரெடியா இருக்கு.

"வர மாட்டாரும்மா. மெச்சு ஓடுது."

"தெரியும்"னாங்க அம்மா. "கல்யாணம் கட்டுன நாள்ல இருந்து இதே கொரல்ல இதே பொய் தான்."

கஞ்சிக் கோப்பைய ஒரு தட்டப் போட்டு மூடி அடுப்போரமா தள்ளி வச்சுட்டு, மறுபடி கூப்புட்டாங்க.